ஸ்பீடு கன் படம் கையில தராட்டா செலான் செல்லாதா?

பாவூர்சத்திரம் வேன் | 3 ஜூலை 2025
வாட்ஸ்அப்புல ஒரு செய்தி சுத்துது. வேகத்துக்கு அபராதம் போட்டா ஸ்பீடு கன்ல, அதான் வண்டி வேகத்தை அளக்குத மெஷின்ல, விழுந்த படத்தை அந்த இடத்துலயே கையில தரணுமாம், தராட்டா செலான் செல்லாதாம், கட்டாம விட்டுரலாமாம். குத்தால சாரல் தொடங்கியாச்சு, தென்காசி நாலுவழிச்சாலையில வண்டிக்குக் கொறவில்ல. டிரைவர்மாரு பாதிப் பேரு இதை நம்பிக்கிட்டு இருக்காவ. சட்டம் தெரிஞ்சவங்க நேராச் சொல்லுங்க.

கோர்ட்டடி | 3 ஜூலை
அந்தச் செய்தியில உண்மை கொஞ்சம் இருக்கு. அதை நம்பிக் கட்டாம இருக்கதுதான் ஆபத்து.

உண்மை எதுன்னா, மோட்டார் வாகனச் சட்டம் 183(3). ஒரே ஒரு சாட்சி "என் கண்ணுக்கு வேகமா வந்த மாதிரி தெரிஞ்சுது"ன்னு சொன்னா, அதை மட்டும் வச்சுத் தண்டிக்க முடியாது. அந்தக் கணிப்பு ஒரு இயந்திரத்தாலயோ மின்னணுக் கருவியாலயோ எடுத்ததா இருக்கணும். அதனாலதான் ஸ்பீடு கன் இல்லாம யாரும் 183, அதாவது அதிவேக வழக்கு, போட மாட்டாங்க. கருவி இல்லாத இடத்துல 184 போடுவாங்க, அதாவது ஆபத்தா ஓட்டினது. அதுக்கு முதல் தடவையே 1000-த்துல இருந்து 5000 வரை அபராதம், இல்லாட்டா ஆறு மாசத்துல இருந்து ஒரு வருசம் வரை சிறை, ரெண்டும் சேந்தும் வரலாம். "மெஷின் எங்க?"ன்னு சத்தம் போட்டு 183-ஐ 184 ஆக்கிக்கிடாதீங்க.

படத்தை ரோட்டுல வச்சுக் கையில தந்தே ஆகணும்னு எந்தப் பிரிவும் சொல்லல. ஆனா ஆதாரம் இருக்கணும், நோட்டீசோட அது வரணும். அந்த விதியைத் தனியா எழுதுதேன்.

கோர்ட்டடி | 3 ஜூலை, ராத்திரி
விதி 167அ. மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 2021 ஆகஸ்ட்ல சேத்தது. கேமரா, ஸ்பீடு கன், போலீஸ் உடம்புல மாட்டுற கேமரா, டேஷ் கேமரா எல்லாத்தையும் ஒரே விதிக்குள்ள கொண்டாந்துட்டாங்க. அதுல நமக்கு வேண்டியது:

கருவிக்கு மாநில அரசு அமர்த்தின அதிகாரி தந்த ஒப்புதல் சான்று இருக்கணும், அதை வருசா வருசம் புதுப்பிக்கணும். கருவி வச்சிருக்க பகுதியில "இங்க கண்காணிப்பு இருக்கு"ன்னு எச்சரிக்கைப் பலகை நிக்கணும். குத்தம் நடந்த 15 நாளுக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும். அந்த நோட்டீசோட நம்பர் பிளேட் தெரியிற படம், கருவி காட்டின அளவு, தேதி, நேரம், இடம், மீறின பிரிவு, மின்னணு ஆவணச் சான்று இத்தனையும் இருக்கணும். அந்தச் சான்று முன்னால சாட்சியச் சட்டம் 65பி-ல வந்தது. 2024 ஜூலை 1-ல இருந்து புதுச் சட்டத்துல பிரிவு 63.

இதுல ஒண்ணு கொறஞ்சாலும் வாதாட இடம் உண்டு. வாதாடுத இடம் நீதிமன்றம். ரோட்டுல நிக்கிற சப்-இன்ஸ்பெக்டர் கிட்ட 65பி பேசி ஒரு பிரயோசனமும் இல்ல. அந்த இடத்துல செய்ய வேண்டியது மூணே காரியம்: கருவித் திரையில தெரியுத வேகத்தையும் நேரத்தையும் மரியாதையாக் கேட்டுப் பாருங்க, கடைசியா எந்த வேகப் பலகையைத் தாண்டி வந்தோம்னு குறிச்சுக்கிடுங்க, பக்கத்து கிலோமீட்டர்க் கல்லை போன்ல படம் எடுத்துக்கிடுங்க. லைசன்ஸை வாங்கி வச்சா ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்க. 206(3) படி, அதுல போட்டிருக்க தேதி வரை அந்தச் சீட்டை வச்சு வண்டி ஓட்டலாம்.

அளவைக்காரன் | 4 ஜூலை
கருவியைப் பத்திச் சொல்லுதேன், அதுல நெறைய தப்பான பேச்சு உலாவுது.

ரெண்டு வகை. ரேடார் கன் அலையை அனுப்பும், வண்டியில மோதித் திரும்புற அலையோட அதிர்வெண் மாறும், அந்த வித்தியாசம்தான் வேகம். 24.15 கிகாஹெர்ட்ஸ் கருவியில மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 45 ஹெர்ட்ஸ் மாறும், 100-ல வந்தா ஏறக்குறைய 4,470. லேசர் கன் துடிப்பு துடிப்பா ஒளியை அனுப்பி ஒவ்வொரு துடிப்புலயும் தூரத்தை அளக்கும். ஒரு விநாடியில மூணுல ஒரு பங்கு நேரத்துல தூரம் எவ்வளவு கொறஞ்சுதுன்னு பாத்து வேகத்தைச் சொல்லும்.

ரேடார் டார்ச் லைட்டு மாதிரி விரிஞ்சுக்கிட்டே போவும். 12 பாகை விரிவுன்னு வச்சா 200 மீட்டர்ல 42 மீட்டர் அகலம். நாலுவழிச்சாலையில ஒரு பக்க ரோடு 7 மீட்டர்தான். அப்ப முன்னால வார சின்ன காரை விட பின்னால வார லாரிதான் கருவிக்குப் பெருசாத் தெரியும். படத்துல உங்க வண்டிக்குப் பின்னாலயோ பக்கத்துலயோ இன்னொரு வண்டி இருந்து, கருவி ரேடாராவும் இருந்தா, அது கேக்க வேண்டிய கேள்வி. லேசர்ல ஒளி 300 மீட்டர்ல ஒரு மீட்டர் அகலம் கூட விரியாது. எந்த வண்டின்னு சந்தேகம் வராது.

லேசர்ல வாரது வேற தப்பு. கையில பிடிச்சு அளக்கும்போது குறி முன்கண்ணாடியில இருந்து நம்பர் பிளேட்டுக்கு நழுவினா, ஒன்றரை மீட்டர் சும்மாவே கொறஞ்ச மாதிரி ஆவும். 0.3 விநாடிக்குள்ள ஒன்றரை மீட்டர்னா மணிக்கு 18 கிலோமீட்டர் கூடுதலாக் காட்டும். நல்ல கருவி, வரிசை கலைஞ்ச அளவுகளைக் கண்டுபிடிச்சு தப்புன்னு சொல்லிரும். அதுக்காகத்தான் பிளேட்டையே குறி வைக்கச் சொல்லுதாங்க, முக்காலியில வைக்கச் சொல்லுதாங்க. பிளேட்டு ஒளியைத் திருப்பி அனுப்புத பொருள்ங்கிறதால அளவும் சீக்கிரம் கிடைக்கும்.

அளவைக்காரன் | 4 ஜூலை
"சைடுல நின்னு பிடிச்சாங்க, அதான் கூடக் காட்டிட்டு"ன்னு சொல்லுதவங்களுக்கு: நேர் எதிர். பக்கவாட்டுல நின்னா கருவி கொறச்சுத்தான் காட்டும். உண்மை வேகத்தை கோணத்தோட கொசைனால பெருக்கினதுதான் திரையில வரும். 10 பாகை சாய்வுக்கு ஒன்றரை சதவீதம், 20 பாகைக்கு 6, 30 பாகைக்கு 13 சதவீதம் கொறையும். ஓடிக்கிட்டு இருக்க போலீஸ் வண்டியில இருந்து ரேடார்ல அளக்கும்போதுதான் இது எதிராத் திரும்ப வழி இருக்கு. அவங்க வண்டியோட வேகத்தைக் கருவி கொறச்சு எடுத்துட்டா, எதிர வார வண்டிக்கு அந்த மிச்சம் கூடிப் போவும்.

பாவூர்சத்திரம் வேன் | 4 ஜூலை
எங்க டிரைவர்மாரு சொல்லுதது வேற. "மீட்டர்ல 80-தான் இருந்துச்சு, கன் 86 காட்டுச்சு." இது நடக்குமா அண்ணாச்சி?

அளவைக்காரன் | 5 ஜூலை
கம்பெனி டயரோட இருந்தா நடக்காது. வண்டி மீட்டர் உண்மை வேகத்தை விடக் கொறச்சுக் காட்டக் கூடாதுங்கிறதுதான் தரம். கூட்டிக் காட்டலாம். அதனால எல்லாக் கம்பெனியும் கொஞ்சம் கூட்டியே வைக்கும். மீட்டர்ல 80-ன்னா உண்மையில 75, 76 இருக்கும்.

டயரை மாத்தியிருந்தா கதை வேற. 185/65 ஆர்15 டயர் விட்டம் 621.5 மில்லிமீட்டர். அதை எடுத்துட்டு 205/65 ஆர்15 போட்டா 647.5. நாலு சதவீதத்துக்கு மேல கூடுது. மீட்டர் 80-ல நிக்கும்போது முன்ன இருந்ததை விட வண்டி 3 கிலோமீட்டர் கூட ஓடும். அப்படிப் பாத்தாலும் 86 வராது. போன்ல ஜிபிஎஸ் வேகத்தை வச்சு நேரான ரோட்டுல ஒரே சீரா ஓட்டி ஒரு தடவை ஒத்துப் பாத்துட்டா இந்தச் சந்தேகம் தீரும். வளைவுலயும் மேம்பாலத்துக்கு அடியிலயும் ஜிபிஎஸ் வேகத்தை நம்பாதீங்க.

இன்னொண்ணு. 2025 ஜூலை 1-ல இருந்து ரேடார் வேகக் கருவிகளுக்கு எடையளவுச் சட்டத்துல தனி விதி வந்துட்டு. தராசுக்கும் பெட்ரோல் பம்புக்கும் முத்திரை போடுத மாதிரி இதையும் சரிபாத்து முத்திரை போடணும். இனி வழக்குக்குப் போறவங்க அந்தச் சரிபார்ப்புச் சான்றோட தேதியையும் கேக்கலாம்.

வள்ளியூர் ரூட் | 6 ஜூலை
எத்தனை கிலோமீட்டர் வரை போலாங்கிறதுலயே தகராறு இருக்கே. நாலுவழிச்சாலைன்னா காருக்கு 100-ன்னு எல்லாரும் சொல்லுதாங்க. காவல்கிணறு, பணகுடி பக்கம் பலகை வேற சொல்லுது.

கோர்ட்டடி | 6 ஜூலை
அந்த 100 எங்க இருந்து வந்ததுன்னா, 2018 ஏப்ரல் 6 மத்திய அரசு அறிவிக்கை. நடுவுல பிரிச்ச நாலுவழியில காருக்கு 100, ஒன்பது பேருக்கு மேல ஏத்துத வண்டிக்கு 90, சரக்கு வண்டிக்கு 80, பைக்குக்கு 80. மத்த ரோட்டுல காருக்கு 70, பஸ், லாரி, பைக்குக்கு 60. ஆனா அந்த அறிவிக்கையை 2021-ல சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செஞ்சுட்டு. விபத்து இழப்பீட்டு மேல்முறையீடு ஒண்ணுல வந்த தீர்ப்பு அது. வேகத்தைக் கொறச்சுப் புது அறிவிக்கை போடுங்கன்னும் சொன்னாங்க. அதனால அந்த அட்டவணையை நம்பி "எனக்கு 100 உரிமை"ன்னு வாதாடப் போவாதீங்க.

பிடிச்சுக்கிட வேண்டியது ரோட்டுல நிக்கிற செவப்பு வட்டப் பலகை. 112-வது பிரிவு, மாநில அரசு எந்த ரோட்டுலயும் வேகத்தைக் கொறைக்கலாம், கொறச்சா பலகை வைக்கணும்னு சொல்லுது. பலகை மரத்துக்குப் பின்னால மறைஞ்சிருந்தாலோ, விழுந்து கெடந்தாலோ, அன்னைக்கே படம் எடுத்து வச்சுக்கிடுங்க. ஒரு மாசம் கழிச்சு எடுத்தா "இப்பத்தான் விழுந்துச்சு"ன்னு முடிஞ்சிரும்.

அதே பிரிவுல பலருக்கும் தெரியாத ஒரு வரி இருக்கு. ஒரு மாசத்துக்கு மிஞ்சாத கட்டுப்பாட்டுக்கு அரசிதழ் அறிவிக்கை வேண்டாம். சொரிமுத்தையனார் கோயில் ஆடி அமாவாசைக்கும், திருச்செந்தூர் சூரசம்ஹாரத்துக்கும், பாதயாத்திரைக் கூட்டம் செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம் ரோட்டுல நடக்கும்போதும் தற்காலிகமா வைக்கிற 30, 40 பலகைகளை "கெஜட்ல வரல"ன்னு தள்ள முடியாது.

வள்ளியூர் ரூட் | 7 ஜூலை
பலகை வேற வேற எண் காட்டுததுக்குக் காரணமும் எழுதணும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து ஜூன்ல இருந்து காவல்கிணறு, பணகுடி வரைக்கும் அடிக்கும். காத்தாலை அங்க சும்மாவா நிக்கிது. பாலத்துக் கைப்பிடிச் சுவர் முடியிற இடத்துல காத்து ஒரே தள்ளாத் தள்ளும், உயரமான வேனும் காலி லாரியும் பக்கத்து வரிசைக்கு நகந்துரும். நடுவுல பிரிப்புச் சுவர் திறக்குற ஊர்விலக்கு எல்லாம் அடுத்த காரணம். எதிர்த்திசையில ஓரமா வார பைக்கு, ராத்திரி விளக்கு இல்லாத வைக்கோல் டிராக்டர், ரோடு தாண்டுத ஆட்டுக் கெடை.

அளவைக்காரன் | 7 ஜூலை
அதுக்குக் கணக்கு இந்தாங்க. ஆளு பாத்துட்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி, காஞ்ச ரோடு, நல்ல டயர். 60-ல வந்தா நிக்க 45 மீட்டர். 80-ல 69. 100-ல 97. சாரல்ல ரோடு ஈரமா இருந்தா இதுக்கும் கூட. 60-ல வாரவன் முழுசா நிக்கிற அந்த 45-வது மீட்டர்ல, 100-ல வாரவன் கால் பிரேக்குல இப்பத்தான் அழுந்தும், வண்டி இன்னும் கிட்டத்தட்ட அதே 100-லதான் இருக்கும். ஊர்விலக்குல 100 போலாமாங்கிற கேள்விக்கு எனக்கு வேற பதில் இல்ல.

மிச்சமாவுத நேரத்தையும் பாருங்க. திருநெல்வேலியில இருந்து நாகர்கோவில் சுமார் 80 கிலோமீட்டர். தடங்கலே இல்லாம 100-ல போனா 48 நிமிசம், 80-ல போனா ஒரு மணி நேரம்.

பாவூர்சத்திரம் வேன் | 8 ஜூலை
அப்ப 1000 ரூவாயைக் கட்டிட்டா சோலி முடிஞ்சுதுல்லா?

கோர்ட்டடி | 8 ஜூலை
முடியல. இந்த இழையில ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கிடுததா இருந்தா இதை வச்சுக்கிடுங்க.

183-க்கு அபராதம் இலகுரக வண்டிக்கு 1000-த்துல இருந்து 2000, நடுத்தர, கனரக வண்டிக்கு 2000-த்துல இருந்து 4000. நம்ம மாநிலத்துல சமரசத் தொகையை, அதாவது கோர்ட்டுக்குப் போகாம கட்டித் தீக்கிற தொகையை, 2022 அக்டோபர்ல ஏத்தினாங்க, காருக்கு 1000. ரூவா கட்டினா அந்த வழக்கு தீரும். ஆனா 2019 திருத்தத்துல 200-வது பிரிவுல ரெண்டு வரி சேத்தாங்க. பணம் கட்டித் தீத்தாலும் அது முன்குத்தமாக் கணக்குல இருக்கும், அடுத்த தடவை ரெண்டாவது குத்தம்னு எடுத்துக்கிடுவாங்க. பணம் கட்டினது லைசன்ஸ் மேல வார நடவடிக்கையையும் தடுக்காது.

ரெண்டாவது தடவைன்னா 206(4) படி லைசன்ஸ் பறிமுதல் ஆகி ஆர்டிஓ-வுக்குப் போவும். அங்க 19-வது பிரிவுல முதல் குத்தத்துக்கு மூணு மாசம் தகுதி நீக்கம், ரெண்டாவது குத்தம்னா லைசன்ஸே ரத்தாகலாம். அது போக, உச்ச நீதிமன்றம் அமைச்ச சாலைப் பாதுகாப்புக் குழு 2015-ல இருந்து சொல்லிக்கிட்டு இருக்கு: அதிவேகம், செவப்பு விளக்கு, குடிச்சுட்டு ஓட்டுதது, போன் பேசுதது, சரக்கு வண்டியில அதிக பாரம், சரக்கு வண்டியில ஆள் ஏத்துதது இந்த ஆறுக்கும் கொறஞ்சது மூணு மாசம் லைசன்ஸை நிறுத்துங்கன்னு. அதனால முதல் தடவையிலயே பரிந்துரை போக இடம் இருக்கு. மஞ்சள் போர்டு வண்டி ஓட்டிப் பொழைக்கிறவனுக்கு மூணு மாசக் கூலி போறதை 1000 ரூவாயோட சேத்துப் பாருங்க.

நிறுத்தின காலத்துல ஓட்டிப் பிடிபட்டா 182-வது பிரிவு, 10,000 ரூவா அபராதம், இல்லாட்டா மூணு மாசம் வரை சிறை, ரெண்டும் சேந்தும் வரலாம். அந்த நேரத்துல விபத்து நடந்தா இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டைக் கட்டிட்டு முதலாளி கிட்ட வசூல் பண்ண வரும்.

வள்ளியூர் ரூட் | 9 ஜூலை
டிரைவரை மட்டும் பேசிக்கிட்டு இருக்கோம். நடைக்கு இவ்வளவுன்னு கூலி பேசுதாங்க. எத்தனை நடை அடிக்கானோ அத்தனை காசு. பஸ்ஸுல டைமிங். முன்ன போற பஸ்ஸை விட்டா வசூல் போச்சு. இதுக்குச் சட்டத்துல ஒண்ணுமே இல்லையா?

கோர்ட்டடி | 9 ஜூலை
இருக்கு. அதை யாரும் எடுக்க மாட்டேங்காங்க, அதான் வயித்தெரிச்சல்.

183(2): தன் கீழ வேலை பாக்குத ஆளை வேக வரம்பை மீறி ஓட்ட வைக்கிறவனுக்கும் தண்டனை. 183(4) இன்னும் கூர்மை. ஒரு நேர அட்டவணை போட்டோ, "இத்தனை மணிக்குள்ள போய்ச் சேரு"ன்னு உத்தரவு போட்டோ, அந்த நேரத்துக்குள்ள வேக வரம்பை மீறாம போகவே முடியாதுன்னு நீதிமன்றம் கருதினா, அந்த அட்டவணையே அதைப் போட்டவன் மேல முதல்நிலைச் சாட்சி, அதாவது அவன் மறுத்து நிரூபிக்காத வரை அதுவே போதும்.

கணக்குப் போட்டுக் காட்டுதேன். 30 கிலோமீட்டர் ரூட்டு, 18 நிறுத்தம், ஒண்ணுக்கு 45 விநாடி. நிறுத்தத்துக்கே பதிமூணரை நிமிசம். அட்டவணையில 40 நிமிசம்னா ஓடுததுக்கு இருபத்தாறரை நிமிசம். சராசரி மணிக்கு 68 கிலோமீட்டர் வேணும். வேகமெடுக்குததும் பிரேக் போடுததும் சேத்தா நடுவுல 80-ஐத் தொடணும். ஊருக்குள்ள போற ரோட்டுல பஸ்ஸு 80! இந்தக் கணக்கை எழுதி, பர்மிட் அட்டவணை நகலோட சேத்து, செலான் வந்த டிரைவரு நீதிமன்றத்துல வைக்கலாம். நகலை ஆர்டிஓ ஆபீஸ்ல தகவல் உரிமை மனு போட்டுக் கேளுங்க. "சீக்கிரம் வா"ன்னு முதலாளி போன்ல அனுப்பின செய்தி இருந்தா அழிக்காதீங்க, அதுவும் உத்தரவுதான்.

அளவைக்காரன் | 10 ஜூலை
வேகக் கவர்னர் பத்தி ஒரு வரி. 118-வது விதிப்படி லாரி, பஸ்ஸுக்கு 80-ல கட்டுப்படுத்துத கருவி இருக்கணும். டேங்கர், டிப்பர், பள்ளி பஸ்ஸுக்கு 60. 80-ல பூட்டின வண்டிக்கு 95-ன்னு செலான் வந்தா ரெண்டே வழி: கன் வேற வண்டியை எடுத்திருக்கு, இல்லாட்டா கவர்னரை யாரோ அவுத்து விட்டிருக்காங்க. எஃப்.சி.-க்கு, அதான் வண்டித் தகுதிச் சான்றுக்கு, போகும்போது சீலை ஒட்டிட்டு வந்த உடனே அவுக்கிற பழக்கம் இருக்கு. அப்படி ஒரு வண்டியை ஓட்டுதவரு கருவி மேல பழி போட்டா, சீலைப் பாத்த உடனே வழக்கு அவருக்கு எதிராத் திரும்பிரும். நல்ல சீல் உள்ள வண்டிக்கு அதே சான்று பெரிய பலம்.

பாவூர்சத்திரம் வேன் | 12 ஜூலை
போன மாசம் வித்த வண்டிக்கு எங்க சங்கத்துல ஒருத்தருக்கு மெசேஜ் வந்திருக்கு. புனலூர் பக்கம் விழுந்ததாம்.

கோர்ட்டடி | 12 ஜூலை
கேமரா டிரைவரைப் பாக்காது, ஆர்.சி.-யில உள்ள பேரைத்தான் பாக்கும். வித்தவரு 14 நாளுக்குள்ள ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்கணும்னு 50-வது பிரிவு இருக்கு, வெளி மாநிலத்துக்குப் போனா 45 நாள். வித்ததைத் தெரிவிக்கிற படிவம் 29 குடுத்ததுக்கு ஒப்புகையை வச்சிருந்தா அதோட பதில் எழுதலாம். வண்டி தன் பேருல இருந்து வேற ஆள் ஓட்டியிருந்தா, ஓட்டினவரு யாருன்னு சொல்லுதது 133 படி முதலாளியோட கடமை.

கேரளக் கேமரா 2023 ஜூன்ல இருந்து வேலை செய்யிது. மொத்தம் 726 கேமராவுல பெரும்பாலும் ஹெல்மெட், பெல்ட்டுக்கு, வேகத்துக்குன்னு வச்சது ரொம்பக் கொஞ்சம். செங்கோட்டை தாண்டுதவங்க பெல்ட்டைத்தான் முதல்ல பாக்கணும்.

செலான் பாக்குத முறை: இ-செலான் பரிவாகன் தளத்துல வண்டி நம்பர், இல்லாட்டா லைசன்ஸ் நம்பர் போடுங்க. முகவரி ஜிஓவி டாட் இன்-ல முடியணும். படத்தைத் திறந்து பிளேட்டை எழுத்தெழுத்தாப் படிங்க. 8-ஐ பி-ன்னும், 0-வை டி-ன்னும் மெஷின் படிக்கிறது உண்டு. வண்டி நெறம், மாடல் ஒத்துப் போவுதா பாருங்க. நடந்த தேதிக்கும் நோட்டீஸ் தேதிக்கும் நடுவுல 15 நாள் தாண்டுதா எண்ணுங்க. தப்புன்னா அதே தளத்துல புகார்ப் பகுதி இருக்கு, வண்டியோட முன்படம், ஆர்.சி. நகல், ஜிபிஎஸ் பதிவு இருந்தா அதையும் ஏத்துங்க. கட்டாமலும் மறுக்காமலும் சும்மா போட்டு வைக்காதீங்க.

வாட்ஸ்அப்புல ஏபிகே கோப்பா, அதாவது போன்ல ஆப் ஏத்துத கோப்பா, "உங்க செலான்"னு வந்தா திறக்காதீங்க. எந்த ஆபீசும் செலானை ஏபிகே-யா அனுப்பாது. திறந்தா போன்ல உள்ள ஓடிபி எல்லாம் அவன் கைக்குப் போயிரும்.

வள்ளியூர் ரூட் | 13 ஜூலை
ஆர்டிஓ-வுல இருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தா போகாம இருந்துரலாமான்னு ரெண்டு பேரு கேட்டாவ.

கோர்ட்டடி | 13 ஜூலை
போகணும். விசாரிக்காம லைசன்ஸை நிறுத்தக் கூடாதுன்னு சட்டம் சொல்லுது. நீங்க போகாட்டா அந்த உரிமையை நீங்களே விட்டுக் குடுத்த மாதிரி. எழுதிக் கொண்டு போங்க, ரெண்டு நகல், ஒண்ணுல சீல் வாங்கிக்கிடுங்க. செலான், பலகைப் படம், கவர்னர் சான்று, டயர் அளவு, இதுக்கு முந்தி வழக்கு இல்லைன்னா அதையும் சேருங்க. உத்தரவு வந்தா காரணம் எழுதியிருக்கான்னு பாருங்க. அது பிடிக்காட்டா 30 நாளுக்குள்ள மேல்முறையீடு. அந்த 30 நாளு உத்தரவு கையில வந்த அன்னைக்கு இருந்து ஓடும்னு வச்சு, தபால் உறையைத் தூரப் போடாம தேதியோட பத்திரமா வையுங்க.